கூரை இல்லாத காரின் விலை

“வாங்கறவர் அந்த விலையைக் குடுக்கத் தயாரா இருக்காரு. விக்கறவங்களும் அந்த விலைக்கு விக்கத் தயாரா இருக்காங்க. அப்பறம் அது எப்படிங்கம்மா தப்பு விலை ஆகும்?”

சிவசண்முகம் கேட்டார்.

தெய்வானை ஒரு பழைய காரின் மட்கார்டு மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தார். பெயின்ட்டுக்கு அடியில் எவ்வளவு கனத்துக்குப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்பதை அவர் கை சொல்லிவிடும்.

குருவுக்கு முப்பத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

சிவசண்முகம் முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். விபத்தில் நசுங்கின வண்டிகளுக்கு நஷ்டம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தே காலத்தை ஓட்டினவர். உடைந்ததற்கு விலை போடுவதில் மனிதர் கில்லாடி.

விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் காலத்துக் கார்களுக்கு விலை மதிப்புப் போடலாம் என்று இறங்கினார். முதல் மூன்று வண்டியிலும் மூக்குடைபட்டார். உடையாமல் முழுசாக நிற்கிற ஒரு பொருளை எங்கே ஆரம்பித்து எப்படிப் பார்ப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் யாரோ தெய்வானையைக் காட்டினார்கள். கோயம்புத்தூர், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பதினாலு வருடம் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர், அப்படியே விலை சொல்கிறவராக ஆகியிருந்தார். அவர் ஒரு விலை சொன்னால் ஹைதராபாத்தில் இருக்கிறவன்கூட மறுபேச்சுப் பேசமாட்டான்.

“எனக்குக் கத்துக் குடுங்கம்மா” என்று போய் நின்றார்.

“கூட வாங்க சார்” என்றார் தெய்வானை.

உபதேசம் அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு வருடமாக அவரும் கூடவே போய்க்கொண்டிருந்தார்.

போன மாதம்தான் முதன்முதலாகத் தனியாக ஒரு வண்டிக்கு விலை போட்டார். அந்த வண்டிதான் இப்போது அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

“என்ன வண்டி?” கண்ணைத் திறக்காமலே தெய்வானை கேட்டார்.

“லோகநாயகியம்மான்னு ஒருத்தங்க, அவங்க புருஷன் விட்டுட்டுப் போன வண்டிங்க. அம்பத்தாறாம் வருஷத்துச் சீமை வண்டி. மேல கூரை கிடையாது. மழை வந்தா கேன்வாஸ் படுதாவை இழுத்து மாட்டிக்கலாம். கம்பெனியிலயே அந்த மாதிரி செஞ்சது மொத்தமே சில நூறு வண்டிதானுங்க. முப்பத்தெட்டு லட்சம்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“சரி.”

“செவ்வாய்க்கிழமை இன்ஜின் நம்பரை ஒரு போட்டோ எடுக்கலாம்னு போனேன். முன் சக்கரத்துல காத்து இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினேன். பேனா சீட்டுக்கு அடியில விழுந்துருச்சு, எடுக்கலாம்னு கதவைப் பிடிச்சு இழுத்தேனுங்க.”

நிறுத்தினார். இழுத்த விதத்தைக் கையால் காட்டினார்.

“திறக்கலீங்கம்மா. ஜாக்கியை இறக்கினேன், பூ மாதிரி திறக்குது. மறுபடி தூக்கினேன், இறுகிக்குது. கார்ப்பெட்டைக் கிழிச்சுப் பாத்தேன். கூரைத் தூணை அறுத்த எடத்துல வெல்டிங் கோடு.”

தெய்வானை மட்கார்டிலிருந்து கையை எடுத்தார்.

அவருக்கு விளக்கம் தேவையில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன். கூரையோடு பிறந்த வண்டியில் பாதி பலம் கூரையில் இருக்கிறது. கம்பெனியே கூரையில்லாமல் செய்யும்போது அந்தப் பலத்தை ஈடுகட்ட அடியில் கூடுதலாக இரும்பு வைத்துச் செய்வார்கள். சாதாரண வண்டியை வாங்கி, ரம்பம் போட்டுக் கூரையை அறுத்துவிட்டு, இதுவும் அதுதான் என்று நிறுத்தினால், நின்ற இடத்தில் அழகாகத்தான் இருக்கும். ஒரு பக்கமாகத் தூக்கினால் நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவு இறுகும். பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

“விலை போடறப்ப ஒரு பக்கமாத் தூக்கிக் கதவைத் திறந்து பாக்கலையா சார்?”

சிவசண்முகம் தலை குனிந்தார்.

“சர்வேயரா இருந்த காலத்துப் பழக்கமுங்க. வரதுக்கு முன்னாடியே போன் பண்ணி, கதவு, பானட், டிக்கி எல்லாத்தையும் திறந்து வெக்கச் சொல்லிருவேன். போட்டோ எடுக்கத் தோதா இருக்கும். அன்னிக்கும் அப்படித்தான் சொன்னேன். எல்லாம் திறந்தே இருந்துச்சு. நான் வண்டியைத் தூக்கவும் இல்லை, ஒரு கதவைத் தொடவும் இல்லை.”

முப்பது வருடம் சோறு போட்ட பழக்கம். அதுவே காலை வாரிவிட்டது.

“இப்ப அந்த வண்டி எவ்வளவு போகும்?”

“ஆறு லட்சம் போனாப் பெருசு.”

“வாங்கறவர் யாரு?”

“அருளானந்தம்னு, கொடைக்கானல்ல ஹோட்டல் வெச்சிருக்காரு. கல்யாண ஜோடிகளை அடிவாரத்துல இருந்து இதுல ஏத்திக்கிட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு ஆசை. வண்டியை நாலு தடவை வந்து பாத்துட்டாரு. உங்க பேப்பர் இருக்கே சார், அது போதும்னுட்டாரு.”

“ம்.”

“எனக்காகக் கேக்கலீங்கம்மா. அந்தம்மாவுக்காகக் கேக்கறேன். புருஷன் போனதுக்கப்பறம் ஆறு வருஷமா அண்ணன் வீட்டுல இருக்காங்க. அண்ணனும் போயிட்டாரு. இப்ப அண்ணன் மருமக கையிலதான் எல்லாம். இந்தக் காசு வந்தா வடவள்ளியில சின்னதா ஒரு வீடு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. கிளம்பறேன்னு வீட்டுலயும் சொல்லிட்டாங்க. இப்பப் போயி நான் எப்படிங்கம்மா வாயைத் திறக்கறது?”

தெய்வானை கையை நீட்டினார்.

சிவசண்முகம் பையிலிருந்து விலை மதிப்புச் சான்றை எடுத்துக் கொடுத்தார். நான்கு பக்கம். தெய்வானை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“கையெழுத்து நல்லா இருக்கு சார்.”

சிவசண்முகம் சான்றைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கம்மா. பேசாம இருன்னா இருந்துக்கறேன். சொல்லுன்னா சொல்லிர்றேன்.”

“வண்டி எப்பக் கைமாறுது?”

“நாளைக்குங்க. காலையில பத்து மணி.”

“நானும் வர்றேன்.”

“எதுக்குங்கம்மா?”

“வண்டியைப் பாக்கணும்.”

அவ்வளவுதான் பேச்சு. தெய்வானை அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிவசண்முகம் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அம்மா வருகிறார். பார்த்தாலே தெரிந்துவிடும். அவரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வேண்டியிருக்காது. அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் ஆறுதல்பட்டது. அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை.

பீளமேட்டில் எப்போதோ மூடின ஒரு மில்லின் கிடங்கு. அதற்குள்ளே சந்தன நிறத்தில் கார் நின்றிருந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகான வண்டிதான்.

லோகநாயகியம்மா ஒன்பது மணிக்கே பஸ் பிடித்து வந்துவிட்டார். அறுபத்தாறு வயது. கையில் ஒரு துணிப்பை, ஒரு குடை. சிவசண்முகத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க. உங்க புண்ணியமுங்க எல்லாம். ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறேன். நீங்க கட்டாயம் வரோணும்.”

சிவசண்முகம் தலையை ஆட்டினார்.

“பெரிய ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சாயங்காலம் ஒரு வாய் காப்பி வேணும்னா நானே எந்திரிச்சுப் போட்டுக் குடிக்கோணும். பால் இருக்குதா, அடுப்பு காலியா இருக்குதான்னு யார் மூஞ்சியும் பாக்காம. அவ்வளவுதானுங்க.”

அந்தம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிவசண்முகத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தெய்வானை வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி நடந்தார். எங்கேயும் கை வைக்கவில்லை. ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று சிவசண்முகம் அவர் வாயையே பார்த்தார்.

அருளானந்தம் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டிராஃப்ட் தெரிந்தது. கையில் காருக்கென்று வாங்கின சாமந்தி மாலை. எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு மாலையை பானட்டில் சாத்தினார்.

“மலை வண்டி இல்லீங்களா?” தெய்வானை அவரிடம் பேச்சுக் கொடுத்தார். “ஒரு தடவை மலையில ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கோங்க. மருதமலை பக்கம்தான். நானும் பின்னாடி உக்காந்துக்கறேன்.”

அருளானந்தத்துக்கு வாயெல்லாம் பல்.

“நானே கேக்கலாம்னுதான் இருந்தேங்க!”

தெய்வானை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“அட, நானும் வர்றேனுங்க. இனி எப்ப இதுல ஏறப் போறேன்” என்று லோகநாயகியம்மாவும் பையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சிவசண்முகம் குருவைப் பார்த்தார்.

குரு அவரைப் பார்க்கவில்லை. காற்றுக்குக் கலையாமல் இருக்கச் சேலைத் தலைப்பைத் தலையைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். அப்படியே கழுத்தோரம் செருகிக்கொண்டார். போகப் போகிறவர் மாதிரிதான் இருந்தது. உண்மையிலேயே போகத்தான் போகிறார் என்று சிவசண்முகத்துக்குப் புரிந்தது.

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது.

கார் கிடங்கை விட்டு வெளியே வந்தது. கேட்டைத் தாண்டினால் சாக்கடைப் பள்ளம், அதற்கப்புறம் ரோடு, அதற்கப்புறம் மலை.

சிவசண்முகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. கேட்டுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“நிறுத்துங்க!”

அருளானந்தம் பிரேக்கை அழுத்தினார்.

“என்ன சார்?”

“மலைக்குப் போக வேண்டாங்க.”

“ஏன்?”

“எல்லாரும் இறங்குங்க முதல்ல. தயவு செஞ்சு இறங்குங்க.”

இறங்கினார்கள். சிவசண்முகம் வேறொன்றும் பேசவில்லை. டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தார். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து ஜாக்கியைக் காருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். வேஷ்டியெல்லாம் புழுதி.

“கதவைத் திறந்து பாருங்க” என்றார் அருளானந்தத்திடம்.

அருளானந்தம் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை.

ஜாக்கியை இறக்கினார். கதவு திறந்தது.

சிவசண்முகம் முட்டி போட்ட நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். அறுத்த கூரையைச் சொன்னார். வெல்டிங் கோட்டைச் சொன்னார். கதவைத் தொடாமலே விலை போட்டதையும் சொன்னார்.

அருளானந்தம் நல்ல மனிதர். கத்தவில்லை.

“அடுத்த மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம் சார். முதல் ஜோடியா அவங்களைத்தான் இதுல ஏத்தணும்னு இருந்தேன்” என்றார். மாலையை பானட்டிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார்: “இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாய்க்கிழமை.”

“இன்னிக்கு வியாழன்.”

சிவசண்முகம் ஜாக்கியைக் காருக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தார்.

அருளானந்தம் தன்னிடம் இருந்த சான்று நகலை எடுத்து சீட்டு மேல் வைத்தார். லோகநாயகியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். போய்விட்டார்.

கிடங்கு வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

“இப்ப இது எவ்வளவுங்க போகும்?” லோகநாயகியம்மா கேட்டார்.

“ஆறுங்க. அதுக்கு மேல போகாது.”

அந்தம்மா காரைப் பார்த்தார். பழக்கப்பட்ட ஓர் ஆள் திடீரென்று வேறு பெயர் சொன்னால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தார்.

“இதுலதானுங்க நாங்க பதினோரு தடவை ஊட்டிக்குப் போனோம். அவருக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா என்னை ஏத்தியிருக்க மாட்டாரு.”

கதவு மேல் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார்.

“நல்லவேளை சொன்னீங்க. கல்யாணப் பொண்ணு ஏறியிருக்கும்” என்றார் அந்தம்மா.

ஒரு குற்றம் சொல்லவில்லை. ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. குடையை எடுத்தார், பையை எடுத்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று கேட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சிவசண்முகம் புழுதியைத் தட்டிக்கொண்டு குருவிடம் வந்தார். கண்ணில் நீர் நின்றது.

“சொல்லிட்டேனுங்கம்மா.”

“ம்.”

“ரெண்டு நாளா நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் இறங்குச்சு. லேசா இருக்குங்க.”

தெய்வானை தலையில் கட்டின சேலைத் தலைப்பை அவிழ்த்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். வெயிலில் குடையைக்கூட விரிக்காமல் லோகநாயகியம்மா பஸ் ஸ்டாப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கு?”

சிவசண்முகம் அந்த விரிக்காத குடையைப் பார்த்தார். 

பிறகு தன் காரை நோக்கி ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் ஓடுகிற ஓட்டம் அது. பஸ் ஸ்டாப் வருவதற்கு முன்பே அந்தம்மாவைப் பிடித்துவிட்டார்.

“ஏறுங்கம்மா, வீட்டுல விட்டர்றேன்.”

“எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?”

“ஏறுங்க.”

ஏறினார். கார் உப்பிலிபாளையத்துக்குப் போனது. வீடு இருந்த தெரு வந்ததும் அந்தம்மா பதறினார்.

“இந்த முக்குலயே நிறுத்திருங்க. நீங்க வந்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க. நான் சமாளிச்சுக்கறேன். வண்டியை விக்க மனசு வரலைன்னு சொன்னா முடிஞ்சுதுங்க. கெழவிக்குப் புத்தி மாறிப்போச்சுன்னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.”

சிவசண்முகம் முக்கில் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அண்ணன் மருமகள் வாசலுக்கு வந்தாள்.

“என்னங்க அத்தை, கைமாறிருச்சா? ஞாயித்துக்கிழமையே உங்க ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டேன்.”

லோகநாயகியம்மா சிரிக்க முயன்றார். சொல்லி வைத்திருந்த பொய்யைச் சொல்ல வாயெடுத்தார்.

சிவசண்முகம் அவருக்கு முன்னால் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார்.

“அந்த வண்டிக்குத் தப்பா விலை போட்டவன் நானுங்க. வீட்டுல இருக்கறவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. உள்ள வந்து சொல்றேன்.”